மன்றத்துக்கு ஒரு மாளிகை

சென்னை மாநகராட்சிக்கும் அது குடியிருக்கும் ரிப்பன் மாளிகைக்கும் 225 வயது வித்தியாசம். மாநகராட்சி தொடங்கியது 1688-இல். மாளிகை திறக்கப்பட்டது 1913-இல். அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை போலத் தோன்றும். விழா மலர்களும் வழக்கமாகக் கட்டடத்தின் நீள அகலத்தைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. வீட்டைவிட வீட்டுக்காரரின் கதை பழையது; சிக்கல்களும் அதில்தான் அதிகம். ஆகவே அங்கிருந்தே வரலாம்.

மாநகராட்சிக்கான சாசனத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பர் 30 அன்று வழங்கியது. லண்டனில் கம்பெனியின் கடிவாளம் அப்போது சர் ஜோசையா சைல்டு கையில். இங்கே ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர், பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்த எலிஹு யேல். மக்களுக்கு ஆட்சியில் பங்கு கொடுக்க வேண்டும் என்ற பெருந்தன்மையில் பிறந்ததல்ல இந்த ஏற்பாடு. கோட்டையையும் காவலையும் பராமரிக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. ஊர்க்காரர்கள் வரி என்றாலே கடையடைத்தார்கள். சைல்டு போட்ட கணக்கு எளிமையானது. மேலிருந்து ஆறு பென்ஸ் கேட்டால் முகம் சுளிக்கும் ஊர், தானே கூடி விதித்துக்கொண்ட வரி என்றால் ஐந்து ஷில்லிங்கூட மனமுவந்து கொடுக்கும். வியாபாரி போட்ட கணக்குதான். ஆனால் உள்ளாட்சி என்ற கருத்தின் கரு முழுவதும் அதற்குள் அடங்கியிருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி பதவியேற்றது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மென், அவர்களுக்குக் கீழே 60 பர்ஜஸ்கள். மேயரும் ஆல்டர்மென்களும் சிவப்பு அங்கி, பர்ஜஸ்கள் வெள்ளைச் சீனப் பட்டு. செப்டம்பர் மாத மெட்ராஸ் வெயிலில் அந்தக் கம்பளி அங்கியை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனவர்களின் நிலைமையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆல்டர்மென்களில் ஆங்கிலேயர்கள் மட்டுமல்ல. போர்த்துக்கீசிய, யூத வணிகர்களும், சின்ன வெங்கடாத்ரி போன்ற இந்து வணிகர்களும் இருந்தார்கள். வரி கொடுக்கக்கூடிய ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஆள் வேண்டும் என்பதுதான் அதன் சூத்திரம்.

வசூலாகும் வரியில் என்னென்ன செய்யலாம் என்றும் சாசனம் சொல்லியிருந்தது. ஊருக்கு ஒரு மண்டபம், ஒரு சிறைச்சாலை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி. சைல்டு எதிர்பார்த்த உற்சாகத்தோடு யாரும் பணத்தை எடுத்து நீட்டவில்லை. தானே விதித்துக்கொண்ட வரியானாலும் வரி வரிதானே! வசூல் இழுபறியானது, திட்டங்களும் அதோடு இழுபட்டன. 1726-இல் வந்த புதிய சாசனம் மேயரையும் ஆல்டர்மென்களையும் முதன்மையாக ஒரு நீதிமன்றமாகவே மாற்றிவிட்டது. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு போன்றவற்றுக்குப் பொறுப்பேற்ற நவீன நகராட்சி 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் சட்டம் சட்டமாக உருவெடுக்கிறது. 1867 சட்டம் நகரை எட்டுப் பிரிவுகளாக்கியது. 1878 சட்டம் வரி செலுத்துவோர் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களை அனுப்ப வழி திறந்தது. 1884, 1904 சட்டங்கள் அதைக் கொஞ்சம் விரித்தன, கொஞ்சம் சுருக்கின. இத்தனைக்கும் நடுவே அலுவலகம் ஜார்ஜ் டவுனின் எர்ரபாலு செட்டித் தெருவில், வண்டியும் மூட்டையும் நெருக்கும் வணிக வீதியில் நடந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ரிப்பன் வருகிறார். 1880 முதல் 1884 வரை வைசிராயாக இருந்தவர். லண்டன் டௌனிங் தெரு 10-ஆம் எண் வீட்டில், தந்தை பிரதமராக இருந்தபோது பிறந்தவர். முந்தைய வைசிராய் லிட்டன் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை 1882-இல் நீக்கினார். ஐரோப்பியர்கள் மீதான வழக்குகளை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதாவை ஆதரித்து, இங்கிருந்த வெள்ளையர்களின் வசவை வாங்கிக்கட்டிக்கொண்டார். நம் கதைக்கு முக்கியமானது 1882 மே 18-ஆம் தேதித் தீர்மானம். உள்ளாட்சி மன்றங்களில் அதிகாரிகள் அல்லாதவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், முடிந்த இடங்களில் தலைவரும் அதிகாரியாக இருக்கக் கூடாது, மக்கள் தவறு செய்தாலும் தாங்களே செய்து கற்றுக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். மாகாண அதிகாரிகள் அதை மதித்தார்கள், நடைமுறைப்படுத்தத் தயங்கினார்கள். அவர் கப்பலேறும்போது இந்தியர்கள் திரண்டு வழியனுப்பினார்கள். ஒரு வைசிராய்க்கு அப்படிப்பட்ட வழியனுப்பு அதற்குமுன் நடந்ததில்லை.

1909 ஜூலையில் ரிப்பன் இங்கிலாந்தில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று மாநகராட்சியின் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் வைசிராய் மிண்டோ. தனித் தொகுதி முறையைக் கொண்டுவந்த மிண்டோ–மார்லி சீர்திருத்தம் சட்டமானதும் அதே 1909-இல்தான். ரிப்பனின் பெயர் தாங்கப்போகும் கட்டடத்துக்கு மிண்டோவின் கையால் கல் விழுந்ததில் உள்ள முரணை அன்றைக்கு எத்தனை பேர் கவனித்தார்களோ!

இடம் தேர்ந்தெடுத்ததைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் நகர மக்கள் காற்று வாங்கட்டும் என்று நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஒரு பூங்காவை உருவாக்கத் திட்டமிட்டார். அதுதான் பீப்பிள்ஸ் பார்க். குளங்கள், நடைபாதைகள், ஒரு மிருகக்காட்சிசாலை எல்லாம் அங்கே இருந்தன. 1880-களில் அதன் ஓரத்தில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. அடுத்து ரிப்பன் மாளிகை, பிறகு விளையாட்டரங்கம். பூங்காவைப் பாதுகாக்க வேண்டிய மாநகராட்சியே அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. விலங்குகள் வண்டலூருக்குப் போய்விட்டன. பூங்காவில் இன்று மிஞ்சியிருப்பது மிகச் சிறு பகுதிதான். அழகான கட்டடம் கிடைத்தது என்பதற்காக அந்தக் கணக்கை நேர்செய்துவிட முடியாது.

மாளிகையை வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ். கட்டியவர் லோகநாத முதலியார். மொத்தச் செலவு 7,50,000 ரூபாய். அதில் முதலியாருக்குக் கொடுக்கப்பட்டது 5,50,000. நான்கு ஆண்டு வேலை. உயர் நீதிமன்றத்தையும் விக்டோரியா மண்டபத்தையும் கட்டிய நம்பெருமாள் செட்டியாரின் பெயர் இந்த நகரில் ஓரளவு புழங்குகிறது.  லோகநாத முதலியார் அந்த அளவுக்கு நினைக்கப்படவில்லை. வரைபடம் போட்டவரைச் சொல்லி முடித்துக்கொள்ளும் வழக்கத்தால் விடுபட்டுப்போன பெயர்களில் அவருடையதும் ஒன்று. அவருக்குக் கீழே கரண்டி பிடித்த கொத்தனார்களையும், சாரத்தில் ஏறி நின்ற சித்தாள்களையும் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நீளம் 85 மீட்டர், அகலம் 32 மீட்டர், மூன்று தளங்கள். நடுவில் 43 மீட்டர் உயரக் கோபுரம். சுவர்கள் சூளைச் செங்கல்லால் எழுப்பப்பட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்துப் பூசப்பட்டவை. மேல்தளங்களைத் தாங்குவது தேக்கு உத்தரங்கள். தரையில் முதலில் பாவியது கடப்பைக் கல். பிற்காலத்தில் அதை எடுத்துவிட்டுப் பளிங்கு போட்டார்கள். வெயில் காலத்தில் கடப்பைக் கல்லில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்கு அது என்ன மாதிரியான இழப்பு என்று தெரியும். பளிங்கு பளபளக்கும், அவ்வளவுதான்.

கட்டடப் பாணி விஷயத்தில் ஒரு சில்லறைச் சண்டை போட இந்த மலரில் இடம் கேட்கிறேன். சுற்றுலாக் கையேடுகள் ரிப்பன் மாளிகையை இந்தோ–சாரசனிக் பாணி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகின்றன. பக்கத்திலிருக்கும் மற்ற பெரிய கட்டடங்களை நினைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தையோ செனட் ஹவுஸையோ ஒரு முறை மனத்தில் ஓடவிடுங்கள்: சிவப்புச் செங்கல், வெங்காயக் குவிமாடங்கள், குடை போன்ற சிறு மண்டபங்கள், முகலாய வளைவுகள். பிறகு ரிப்பன் மாளிகையைப் பாருங்கள். வெள்ளைச் சுவர், வரிசையாகத் தூண்கள், தூண் தலையில் கிரேக்க, ரோமானியச் சுருள்களும் இலைகளும், இரு பக்கமும் சமமாக விரியும் சிறகுகள். ஐரோப்பியச் செவ்வியல் பாணிதான் இதன் உடம்பு; அங்கங்கே வேறு கைகளின் சாயல் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. கட்டடக் கலைஞர்கள் சிஷோமும் இர்வினும் கட்டிய சென்னை ஒரு மனநிலை. இது அதற்கு அடுத்த தலைமுறையின் மனநிலை. ஆள்பவர்களின் ரசனை மாறியதை, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் (இன்றைய பெரியார் சாலை) நூறடி நடந்தால் கண்ணாலேயே படித்துவிடலாம். சிவப்பு விக்டோரியா மண்டபத்தையும் வெள்ளை ரிப்பன் மாளிகையையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே போதும்.

திறப்பு விழா 1913 நவம்பர் 26. திறந்துவைத்தவர் வைசிராய் ஹார்டிஞ்ச். அதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன், 1912 டிசம்பரில், டெல்லி சாந்தினி சௌக்கில் யானை மேல் ஊர்வலம் வந்தபோது வெடிகுண்டு வீச்சில் காயப்பட்டுப் பிழைத்தவர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரமுகர்கள் விழாவுக்கு வந்தார்கள். கட்டடத்தை முடித்துவைத்த பெருமை அப்போதைய மாநகராட்சித் தலைவர் பி.எல். மூருக்கு உரியது. மூர் மார்க்கெட்டுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் மூரும் மாநகராட்சித் தலைவராக இருந்தவர்தான்; இரண்டு மூர்களையும் ஒருவராக்கிவிடும் கட்டுரைகள் உண்டு, வாசகர்கள் ஏமாற வேண்டாம்.

அந்த நவம்பர் மாதச் சென்னைப் பயணத்தில் ஹார்டிஞ்ச் செய்த இன்னொரு காரியம் கட்டடத் திறப்பைவிடப் பெரிது. தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் தலைவரிக்கு எதிராக ஒப்பந்தக் கூலிகள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப்போன தமிழர்களும் தெலுங்கர்களும். காந்தி சிறையில். ஹார்டிஞ்ச் சென்னையில் பேசும்போது அந்தச் சத்தியாக்கிரகிகளுக்கு வெளிப்படையாக அனுதாபம் தெரிவித்து, அங்கு நடப்பவற்றை விசாரிக்க வேண்டும் என்றார். லண்டனிலும் பிரிட்டோரியாவிலும் முகங்கள் சிவந்தன. ஒரு வைசிராய் இன்னொரு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியை இப்படிப் பகிரங்கமாகக் குறைசொன்னது அதிகம் நடந்ததில்லை. திறப்பு விழாக் கல்வெட்டுகளில் இதெல்லாம் ஏறுவதில்லை.

கோபுரக் கடிகாரத்துக்கு வருவோம். முகப்பு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் விட்டம். மவுண்ட் ரோட்டில் பெரிய அங்காடி நடத்திய ஓக்ஸ் கம்பெனி 1913-இல் நிறுவியது. மணிகள் நான்கையும் வார்த்தது இங்கிலாந்தின் கில்லட் அண்ட் ஜான்ஸ்டன். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒலிக்கும் அதே மெட்டைக் கால் மணிக்கு ஒரு முறை அடிக்கும் அமைப்பு. மின்சாரத்தில் ஓடுவதல்ல, நாள்தோறும் ஆள் மேலே ஏறிச் சாவி கொடுக்க வேண்டிய இயந்திரம். கைக்கடிகாரம் பணக்காரர்களின் நகையாக இருந்த காலத்தில், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அந்த முகப்பு பெரிய உதவி. இப்போது எதிரில் பஸ்களும் ஆட்டோக்களும் போடும் சத்தத்தில் மணியோசை காதில் விழ வேண்டுமென்றால் விடியற்காலையில் போனால்தான் உண்டு.

மாளிகை வந்த பிறகுதான் மன்றத்துக்கு உயிர் வந்தது. 1919 சட்டத்தின்படி அதிகாரியல்லாத ஒருவர் தேர்தல் மூலம் தலைவராக வர வழி பிறந்தது. அப்படி வந்தவர்களில் முதலாமவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார். ரிப்பன் 1882-இல் எழுதியது சென்னையில் நிறைவேற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின என்று வைத்துக்கொள்ளலாம். செட்டியார் நெசவும் வணிகமும் கைவந்தவர், நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். ஆண்ட கட்சியின் தலைவராக இருந்தும் 1920-இல் மாகாண முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். மாளிகை முன் அவர் சிலை நிற்பது பொருத்தம்.

அவர் தலைமையிலிருந்த மன்றம் 1920-இல் நிறைவேற்றிய ஒரு சின்னத் தீர்மானத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிக்குப் பிள்ளைகள் வரவில்லை. வயிறு காய்ந்தால் பாடம் ஏறாது என்பது மன்றத்துக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிட்டு மதியம் சாப்பாடு போடலாம் என்று முடிவானது. வருகை கூடியது, வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று அரசு தடை சொன்னதால் 1925-இல் நின்றுபோனது. காமராஜர் மாநிலம் முழுமைக்கும் கொண்டுவந்த மதிய உணவுக்கு இங்கே ஒரு முன்னோட்டம் நடந்திருக்கிறது.

மேயர் என்ற பதவிப்பெயர் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் காணாமல் போயிருந்து 1933-இல் திரும்பி வந்தது; ராஜா சர் முத்தையா செட்டியார் அப்படி வந்த முதல் மேயர். 1937-இல் ஜே. சிவசண்முகம் பிள்ளை இந்த நகரின் முதல் தலித் மேயரானார். பின்பு சட்டமன்ற சபாநாயகராகவும் இருந்தார். 1939-இல் வந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. குடிநீர்ப் பஞ்சத்தோடு மல்லுக்கட்டிய நகருக்குப் பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்று ஆங்கில அரசோடு வாதாடி அனுமதி வாங்கினார். உலகப்போர் மூண்டிருந்த நேரம். 1940-இல் வேலை தொடங்கி 1944-இல் முடிந்தது. சத்தியமூர்த்தி 1943 மார்ச்சில் இறந்துபோனார். தண்ணீரைப் பார்க்க அவர் இல்லை. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் பிறகு வந்தது. 1950-களில் தாரா செரியன் முதல் பெண் மேயராக அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

இனிச் சொல்லப்போவது விழா மலர்கள் தாண்டிப்போகும் பகுதி. 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். இருபத்து மூன்று ஆண்டுகள் மாளிகை இருந்தது, அலுவலகம் நடந்தது, கோப்புகள் நகர்ந்தன. வார்டுக்காகக் கை தூக்கிக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் 1985-இல் பக்கத்து மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடைவெளியில்தான் நகரம் தெற்கிலும் மேற்கிலும் ஏரிகளைத் தாண்டிப் பெருத்தது. மன்றம் இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கேட்டிருப்பார்கள் என்று மட்டும் சொல்வேன். 1996-இல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், மு.க. ஸ்டாலின் வென்றார். 2011-இல் எல்லை விரிந்து 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆனது, வார்டுகள் 200 ஆயின. 2016-இல் மன்றத்தின் காலம் முடிந்ததும் மறுபடியும் இடைவெளி; 2022 வரை சிறப்பு அதிகாரிகளின் ஆட்சி. அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் ஆர். பிரியா மேயரானார். தலித் பெண் ஒருவர் இப்பதவிக்கு வருவது இதுவே முதல் முறை.

கட்டடமும் சும்மா இருக்கவில்லை. மின்கம்பி, குளிர்சாதனப் பெட்டி, தடுப்புச் சுவர், போலிக் கூரை என்று ஒவ்வொரு பிரிவும் தன் வசதிக்கேற்ப எதையாவது சேர்த்துக்கொண்டே போனது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமென்ட் அடைப்பது நம் பழைய கட்டடங்களுக்கெல்லாம் நேர்ந்த விபத்து. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கும். விளைவு, ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்துச் சுவர் பெயரும். நூற்றாண்டை ஒட்டி, ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்ட நிதியில் ஏறத்தாழ 7.7 கோடி ரூபாய் மதிப்பீட்டில் சீரமைப்பு நடந்தது. கட்டும்போது ஆன மொத்தச் செலவைப்போல இது நூறு மடங்கு. பணத்தின் மதிப்பு மாறியிருப்பதால் இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய பொருளில்லை, ஆனால் அந்தப் பழைய 7,50,000-ஐப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறவர்களுக்காகச் சொன்னேன்.

அதே ஆண்டுகளில் மாளிகையின் வாசலுக்கு எதிரே மெட்ரோ ரயிலுக்காகப் பூமி குடையப்பட்டது. நூறாண்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு அருகே சுரங்கம் தோண்டுவது கூடம் நிறையக் கண்ணாடிப் பாத்திரம் இருக்கும் வீட்டில் அம்மி கொத்துவது மாதிரி. பூங்கா நிலமும் முன்புற வளாகமும் பல ஆண்டுகள் தகரத் தடுப்புக்குப் பின்னால் மறைந்திருந்தன. 2018 மே மாதம் சென்ட்ரல் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. அன்றாட நிர்வாகத்தின் பெரும் பகுதி இப்போது பின்புறத்து அம்மா மாளிகைக்கு மாறிவிட்டது. மேயர், ஆணையர் அலுவலகங்களும் மாமன்றக் கூடமும் பழைய கட்டடத்தில். பிறப்புச் சான்றிதழுக்கும் சொத்து வரிக்கும் வரிசையில் நிற்க இங்கே வந்த தலைமுறை போய், அவற்றைக் கைபேசியிலேயே முடித்துக்கொள்ளும் தலைமுறை வந்துவிட்டது. அவர்கள் உள்ளே வர வேறு காரணம் தேவைப்படுகிறது. மன்றம் கூடும் நாளில் பார்வையாளர் அனுமதி கேட்டு உள்ளே போய், தங்கள் வார்டு உறுப்பினர் என்ன பேசுகிறார் என்று கேட்பது அதற்குப் போதுமான காரணம்.